ஆயிரம் பெயர், ஒரே மரபணு

பருத்தியை மனிதர்கள் நான்கு முறை, நான்கு இடங்களில் தனித்தனியாகப் பயிராக்கினார்கள். மெக்சிகோவின் யுகடான் பக்கம் ஒரு கூட்டம், பெருவின் கடலோரமாக இன்னொன்று, ஆப்பிரிக்க–அரேபியப் பகுதியில் மூன்றாவது, இந்தியத் துணைக்கண்டத்தில் நான்காவது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தறியாதவர்கள் இவர்கள். கொட்டையில் ஒட்டிய கொஞ்சம் மயிரைத் தவிர வேறு பெருமை இல்லாத நான்கு காட்டுப் புதர்களிலிருந்து, நூற்று நெய்து உடுத்தும் பயிரை அவரவர் பாட்டுக்கு உண்டாக்கிக்கொண்டார்கள்.

அந்தப் புதர்களின் பூர்வ கதை அதைவிட வியப்பானது. நம் நாட்டுப் பருத்தியின் செல்லில் 26 குரோமோசோம்கள் உண்டு; அமெரிக்கப் பருத்தியிலோ 52. பத்து, இருபது லட்சம் ஆண்டுகளுக்கு முன், நம் மனித இனமே தோன்றியிராத காலத்தில், பழைய உலகத்துப் பருத்தி இனம் ஒன்றின் விதை எப்படியோ கடல் தாண்டி அமெரிக்கக் கரை சேர்ந்தது. அங்கிருந்த காட்டுப் பருத்தியோடு கலந்தது. இரண்டின் குரோமோசோம் தொகுதிகளும் அப்படியே ஒன்று சேர, புதிய இனங்கள் பிறந்தன. இன்று உலகில் விளையும் பஞ்சில் பெரும்பகுதியைத் தரும் 'ஹிர்சூட்டம்' என்ற இனம் அந்தக் கலப்பின் வாரிசு.

இந்த நான்கு இனங்களையும் விளைவிக்கும் ஒரே நாடு என்று இந்தியாவைச் சொல்வார்கள். ஆர்போரியம், ஹெர்பேசியம் என்ற இரண்டும் நம் நாட்டுப் பருத்திகள். கரிசல் காட்டின் கருங்கண்ணி ஆர்போரியத்தைச் சேர்ந்தது. உப்பம் பருத்தி ஹெர்பேசியத்தைச் சேர்ந்தது. மழையை மட்டும் நம்பி, ஆழ வேர்விட்டு நிற்பவை. 'திருநெல்வேலிப் பருத்தி' என்ற பெயரில் தூத்துக்குடியிலிருந்து கப்பலேறியதும் இந்த வகைதான். நாடு விடுதலை பெற்ற 1947-ல் இந்தியப் பருத்திப் பரப்பில் சுமார் 97 விழுக்காடு நாட்டுப் பருத்தியே.

இன்று நிலைமை தலைகீழ். பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்தி. நாட்டு இனங்கள் சில விழுக்காட்டில் ஒதுங்கிவிட்டன. மரபணு மாற்றப் பயிர் வேளாண் பன்மயத்தை என்ன செய்கிறது என்று கேட்பவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. ஆனால் பழி முழுவதையும் அந்த மரபணுவின் தலையில் கட்டிவிட முடியுமா?

ஆலை தொடங்கிய வேலை

டாக்கா மஸ்லினுக்கு நூல் தந்த 'புட்டி கார்பாஸ்' என்ற ஆர்போரியம் வகை மேக்னா ஆற்றங்கரையில் விளைந்தது. 19-ஆம் நூற்றாண்டில் அந்த நெசவு நசிந்தபோது பருத்தியும் வயலைவிட்டு மறைந்தது. அப்போது மரபணு மாற்றம் என்ற சொல்லே கிடையாது. லங்காஷயர் ஆலைகளின் கதிர்களுக்கு நீளமான, வலுவான இழை வேண்டியிருந்தது. நாட்டுப் பருத்தியின் இழை குட்டை. கையால் நூற்பவருக்குக் குறையாகப் படாத ஒன்று இயந்திரத்துக்குக் குறையாகிவிட்டது. 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்தியை இங்கே விளைவிக்கச் செய்த முயற்சிகளில் கோயம்புத்தூரும் ஒரு களம். தாவரவியலாளர் ராபர்ட் வைட் அந்தப் பண்ணைகளை மேற்பார்வையிட்டார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்து தமிழ்நாட்டில் வேரூன்றியது. 1970-ல் சி.டி. படேல் சூரத்தில் உருவாக்கிய எச்-4, வணிக முறையில் பயிரான உலகின் முதல் வீரிய ஒட்டுப் பருத்தி.

இப்படி 2000 வாக்கிலேயே நாட்டுப் பருத்தி கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆலை, சந்தை, ஆராய்ச்சி நிலையம் மூன்றும் சேர்ந்து ஒன்றரை நூற்றாண்டாக நடத்திய மாற்றம் அது. பி.டி. அந்தச் சரிவைத் தொடங்கி வைக்கவில்லை. பத்தே ஆண்டில் முடித்து வைத்தது.

பூட்டும் சாவியும்

1901-ல் ஜப்பானிய அறிவியலாளர் இஷிவாட்டா, பட்டுப்புழுக்களைத் திடீரெனக் கொல்லும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில் எர்ன்ஸ்ட் பெர்லினர் அதையே ஒரு மாவு அந்துப்பூச்சியின் புழுவில் கண்டெடுத்து, அந்தப் பகுதியின் பெயரைச் சேர்த்து 'பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்' என்று பெயரிட்டார். பி.டி. என்பது அதன் சுருக்கம்.

இந்த பாக்டீரியா தனக்குள் ஒரு புரதப் படிகத்தைச் செய்து வைத்திருக்கிறது. புழுவின் குடல் காரத்தன்மை உடையது. அங்கே படிகம் கரைகிறது; புழுவின் செரிமான நொதிகள் அதை வெட்டி நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சு, குடல் சுவரில் இருக்கும் கதெரின் போன்ற புரதங்களில் பூட்டில் சாவி பொருந்துவதுபோல் பொருந்தி, சுவரில் துளை போடுகிறது. புழு தின்பதை நிறுத்தி, சில நாட்களில் சாகிறது. பூட்டு பொருந்தாத உயிர்களை அது தொடுவதில்லை. மனிதக் குடலில் அந்தப் பூட்டு இல்லை. தேனீக்கும் பொறிவண்டுக்கும், பருத்தியில் சேர்த்த வகையால் குறிப்பிடத்தக்க கேடு இல்லை. கண்டதையெல்லாம் கொல்லும் தெளிமருந்தோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க நுட்பம்.

இந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பருத்திக்குள் சேர்த்தால் செடியே அதைச் செய்துகொள்ளும். 2002 மார்ச்சில் இந்திய அரசு அப்படிப்பட்ட வீரிய ஒட்டுப் பருத்திக்கு முதல் அனுமதி தந்தது. 2006-ல் இரண்டு நச்சுப் புரதங்கள் கொண்ட அடுத்த தலைமுறை வந்தது. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்துச் செலவு முதல் சில ஆண்டுகளில் குறைந்தது. ஹெக்டேருக்குச் சுமார் 300 கிலோவாக இருந்த பஞ்சு விளைச்சல் 2007-08 வாக்கில் 500 கிலோவைத் தாண்டியது. அதற்கு பி.டி. எவ்வளவு காரணம், பாசனமும் உரமும் புதிய பூச்சிக்கொல்லிகளும் எவ்வளவு காரணம் என்ற வாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. அதன்பின் விளைச்சல் பெரிதாக ஏறவில்லை என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

பெயர்கள் பெருகின, இனங்கள் குறைந்தன

அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் பி.டி. மரபணுவைச் சாதாரண ரகங்களில் சேர்த்தன. இந்தியாவில் அது ஏறக்குறைய முழுவதும் வீரிய ஒட்டுகளில் வந்தது. வீரிய ஒட்டின் விதையை எடுத்து மறு ஆண்டு விதைத்தால் பயிர் ஒரே சீராக வராது. ஆகவே ஒவ்வொரு பருவமும் கடைக்குப் போயாக வேண்டும். விதை நிறுவனத்துக்கு இதைவிட நல்ல காப்புரிமை வேண்டாம்.

பத்தாண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பி.டி. வீரிய ஒட்டுகள் அனுமதி பெற்றன. கடை அலமாரியில் வண்ண வண்ணப் பொட்டலங்கள். ரகங்களின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், தொடக்கத்தில் குறைந்த பன்மை பின்னர் மீண்டுவிட்டது என்று சொல்லும் ஆய்வும் உண்டு. எண்ணிக்கை அளவில் அது சரியே. ஆனால் அந்தப் பொட்டலங்களில் பெரும்பாலானவை ஹிர்சூட்டம் என்ற ஒரே இனத்தின் ஒட்டுகள். மிகப் பெரும்பாலானவற்றில் இருந்தது ஒரே நிறுவனத்திடம் உரிமம் பெற்ற அதே ஓரிரு மரபணுக்கள். நாட்டு இனங்களுக்கு அந்த அலமாரியில் இடமே இருக்கவில்லை.

வேறு வழி முயலப்படாமல் இல்லை. விவசாயி தானே விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய 'பிகானேரி நர்மா' என்ற ரகத்தில் பி.டி. மரபணுவைச் சேர்த்து, அரசு ஆராய்ச்சி நிறுவனங்கள் 2008-ல் வெளியிட்டன. தனியார் நிறுவனத்தின் மரபணு அதில் கலந்திருப்பது தெரியவந்ததும் அடுத்த ஆண்டே அது நிறுத்தப்பட்டது.

புழு படித்த பாடம்

பன்மை குறைந்தால் என்ன ஆகும் என்பதை இரண்டு புழுக்கள் சொல்லிக் கொடுத்தன. பச்சைக் காய்ப்புழுவுக்குப் பருத்திதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லை. துவரை, கொண்டைக்கடலை, தக்காளி என எது கிடைத்தாலும் தின்னும். இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ ஏறக்குறைய பருத்தியை மட்டுமே நம்பி வாழ்வது. காய்க்குள் புகுந்து கொட்டையைத் தின்பது.

பி.டி. பருத்தி வந்தபின் பச்சைப் புழு நெடுங்காலம் அடங்கியிருந்தது. இளஞ்சிவப்புப் புழு குஜராத்தில் 2008-09 வாக்கிலேயே முதல் தலைமுறை பி.டி.யை எதிர்த்து நின்றது. சில ஆண்டுகளில் இரண்டு புரதங்களையும் தாண்டியது. காரணம், துவரங்காட்டிலும் தக்காளித் தோட்டத்திலும் வளர்ந்த பச்சைப் புழுக்கள் பி.டி. நச்சைச் சந்திக்காதவை. பருத்தியில் அபூர்வமாகத் தப்பிப் பிழைத்த ஒரு புழு அந்துப்பூச்சியானால், நச்சுக்கு எளிதில் பலியாகும் இந்தக் கூட்டத்தோடுதான் சேரும். எதிர்ப்புத்திறன் வாரிசுகளில் நீர்த்துப்போகும். பக்கத்து வயலின் பயிர்ப் பன்மையே பி.டி.யின் ஆயுளைக் கூட்டியது. பருத்தியைத் தவிர வேறு வீடில்லாத இளஞ்சிவப்புப் புழுவுக்கு, எந்தப் பக்கம் போனாலும் பி.டி. மட்டுமே. தப்பியது தப்பியதோடு சேர்ந்து பெருகியது. அந்தப் புழுக்களை ஆராய்ந்தபோது கதெரின் மரபணு பல வகைகளில் சிதைந்திருந்தது தெரிந்தது. சாவி மாறவில்லை, பூட்டை மாற்றிவிட்டது புழு.

இதை எதிர்பார்த்துத்தான் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தந்து, வயலைச் சுற்றி விதைக்கச் சொன்னார்கள். நச்சில்லாத செடிகளில் புழு வளரட்டும் என்பது கணக்கு. தன் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் புழுவுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லும் இந்த யோசனையைப் பெரும்பாலான விவசாயிகள் ஏற்கவில்லை. ஏற்கும்படி யாரும் விளக்கவும் இல்லை.

வீரிய ஒட்டு என்பதிலேயே இன்னொரு சிக்கலும் ஒளிந்திருந்தது. ஒட்டுச் செடியில் எல்லா இலைகளிலும் நச்சு இருக்கும். ஆனால் அது காய்க்கும் கொட்டைகள் அடுத்த தலைமுறை. மெண்டலின் கணக்குப்படி அவற்றில் சிலவற்றில் ஒரு புரதம் இருக்காது. பதினாறில் ஒன்றில் இரண்டுமே இருக்காது. கொட்டை தின்னும் புழுவுக்கு ஒரே காய்க்குள் நச்சும் நச்சின்மையும் கலந்து கிடைத்தது, எதிர்ப்பைப் பழகிக்கொள்ள வசதியாக. நீண்ட நாள் வயலில் நிற்கும் ஒட்டு ரகங்கள், பருவக் கடைசியில் பெருகும் இந்தப் புழுவுக்குச் சோற்றுக்கும் குறை வைக்கவில்லை.

அதே புழு, அதே மரபணு, அமெரிக்காவில் கதை வேறு. அரிசோனா விவசாயிகள் நச்சில்லாத பருத்தியை ஒழுங்காக விதைத்தார்கள். பின்னர் மலடாக்கிய அந்துப்பூச்சிகளை விமானத்திலிருந்து கோடிக்கணக்கில் இறக்கினார்கள். ஒரு நூற்றாண்டாகத் தொல்லை தந்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று 2018-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை அறிவித்தது. தோற்றது மரபணு இல்லை, அதைப் பயன்படுத்திய முறை.

காலி இடத்துக்கு வந்தவர்கள்

காய்ப்புழுவுக்காக அடித்த மருந்து குறைந்ததும் வயலில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. வட சீனாவில் 1990 முதல் 2010 வரை 36 இடங்களில் எடுத்த கணக்கு, பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப் பூச்சி, சிலந்தி ஆகிய நன்மை செய்யும் உயிர்கள் பெருகியதையும், அசுவினி குறைந்ததையும் காட்டியது. அந்த நன்மை பக்கத்து நிலக்கடலை, சோயா வயல்களுக்கும் பரவியது. அதே ஆய்வாளர்கள் 2010-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், முன்பு அந்த மருந்திலேயே செத்துக்கொண்டிருந்த மிரிட் நாவாய்ப்பூச்சிகள் இப்போது பருத்தியில் பெருகி, பழத்தோட்டங்கள்வரை படையெடுத்ததும் பதிவானது. இரண்டும் உண்மை.

இந்தியாவில் காலி இடத்தைப் பிடித்தவை தத்துப்பூச்சியும் வெள்ளை ஈயும். பி.டி. நச்சு சாறு உறிஞ்சும் பூச்சிகளைத் தொடாது; நூற்றுக்கணக்கான ஒட்டுகளில் பலவும் அவற்றுக்கு எளிதில் இரையாகுபவை. 2015-ல் பஞ்சாப் பருத்தியை வெள்ளை ஈ வாரிச் சுருட்டியது. வெள்ளை ஈயைத் தாங்குவதும், அது பரப்பும் இலைச்சுருட்டை வைரஸ் அண்டாததும் நாட்டு ஆர்போரியம் பருத்தியின் பிறவிக் குணம். எந்த ஆய்வகமும் சேர்க்காத அந்த மரபணுக்கள் நம் கையில் இருந்தன, வயலில்தான் இல்லை. பூச்சிமருந்துக்கு இந்தியப் பருத்தி விவசாயி செலவிடும் பணம் பி.டி. வருவதற்கு முன்பிருந்ததைவிட இப்போது அதிகம் என்று ஆய்வாளர்கள் கேசவ் கிராந்தியும் கிளென் ஸ்டோனும் 2020-ல் எழுதினார்கள்.

மரபணு காட்டுக்குள் போனால்

பி.டி. மகரந்தம் பறந்து நாட்டுப் பருத்தியைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது. 26 குரோமோசோமும் 52 குரோமோசோமும் வயலில் எளிதில் கலப்பதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த அந்த வழி, கருங்கண்ணிக்கு இன்று வேலியாக நிற்கிறது.

ஹிர்சூட்டத்தின் தாயகமான மெக்சிகோவுக்கு அந்த வேலி இல்லை. அங்கே காட்டுப் பருத்தியில் மாற்று மரபணுக்கள் இருப்பது 2011-ல் பதிவானது. 2021-ல் யுகடான் கடலோரக் காட்டுப் பருத்தியில் நடந்த ஆய்வு, யாரும் எதிர்பாராத இடத்தில் விளைவைக் கண்டது. பருத்தி இலையில் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. புழு கடித்தால் செடி தேனைக் கூட்டும். தேனுக்கு வரும் எறும்புகள் புழுவை விரட்டும். மாற்று மரபணு புகுந்த செடிகளில் அந்தச் சுரப்பு முறை மாறியிருந்தது, எறும்பு இனமும் மாறியிருந்தது. பி.டி. புகுந்தவற்றில் காவல் காக்கும் எறும்பு மிகுந்திருந்தது. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு புகுந்தவற்றில் காவல் காக்காத எறும்பு, இலைச்சேதமும் கூடுதல். புழுவைக் கொல்லவும் களையைச் சமாளிக்கவும் சேர்த்த மரபணு, செடிக்கும் எறும்புக்கும் இருந்த பழைய உடன்பாட்டில் கைவைத்துவிட்டது.

களைக்கொல்லி தாங்கும் பயிர்கள் பன்மயத்தைப் பாதிக்கும் வழி இன்னும் நேரானது. 2003-ல் வெளியான பிரிட்டனின் பெரிய வயல் சோதனையில், அத்தகைய பீட்ரூட் வகை, கடுகு வகைப் பயிர்களில் களைகளும் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் குறைந்தன. மக்காச்சோளத்தில் மட்டும், ஒப்பிட்ட வயலில் அடித்தது அதைவிடக் கடுமையான மருந்து என்பதால், கூடின. அமெரிக்க மத்திய மேற்கில் மோனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுவின் ஒரே உணவான எருக்கு இனச் செடிகள் 1999-க்கும் 2010-க்கும் இடையே பாதிக்கும் மேல் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது. இந்தியாவில் களைக்கொல்லி தாங்கும் பருத்திக்கு அனுமதி இல்லை. கள்ள விதையாகப் பரவிக்கொண்டிருக்கிறது. பருத்திக்கு ஊடே உளுந்தும் பாசிப்பயறும் போட்டு, முளைத்த தொய்யக்கீரையையும் பண்ணைக்கீரையையும் பறித்துக் குழம்பு வைக்கும் கரிசல் காட்டில் அந்த மருந்து எதையெல்லாம் களை என்று எண்ணும் என்பதை யோசித்தாலே போதும்.

கேட்க வேண்டிய கேள்வி

2010 பிப்ரவரியில் பி.டி. கத்தரிக்கான அனுமதியை இந்திய அரசு நிறுத்தி வைத்தது. கத்தரியின் பன்மைக்குத் தாயகங்களில் இந்தியாவும் ஒன்று என்பது அந்த விவாதத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. பங்களாதேஷ் 2013-ல் அதே மரபணுவுக்கு அனுமதி தந்தது. ஆனால் விவசாயி விதை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய நான்கு உள்ளூர் ரகங்களில், அரசு ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாக. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் தன் கத்தரி ரகங்களில் அந்த மரபணுவைச் சேர்த்துப் பார்த்ததுதான். ஒரே மரபணு ஒரு நாட்டில் ஒட்டு ரகமாகவும் இன்னொன்றில் ஊர் ரகமாகவும் வரலாம் என்றால், அது எந்த விதையில் வர வேண்டும் என்பது அறிவியல் விதித்த விதி இல்லை. மனிதர்கள் எடுக்கும் முடிவு.

நாக்பூரிலுள்ள மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை வங்கியில் ஆயிரக்கணக்கான பருத்தி வகைகள் பத்திரமாக இருக்கின்றன. அது அவசியம், ஆனால் போதாது. குளிர் அறையில் உறங்கும் விதை வறட்சியைப் பார்ப்பதில்லை, புதிய பூச்சியைச் சந்திப்பதில்லை, தன்னை மாற்றிக்கொள்வதும் இல்லை. வயலில் நிற்கும் விதையே அதைச் செய்யும்.

புதிய மரபணுவுக்கு அனுமதி கேட்டு ஒரு நிறுவனம் வரும்போது, இது நஞ்சா, ஒவ்வாமை தருமா என்று அரசு கேட்கிறது. கேட்க வேண்டியதுதான். அதோடு இதையும் கேட்க வேண்டும்: இது எத்தனை இனங்களில், எந்த மாதிரி விதையில் வரப்போகிறது? வந்தபின் எதை வெளியேற்றும்? அந்த வெளியேற்றத்துக்கு யார் கணக்கு வைப்பார்கள்? பருத்தியில் இந்தக் கேள்விகள் கேட்கப்படவில்லை. அதன் விலையை இருபது ஆண்டுகளாகக் கொடுத்துவருபவர் விதையைத் தேர்ந்தெடுத்தவர் இல்லை, விதைத்தவர்.